இனேஸ் நிற்கும் இடம்

ஜன்னலைச் சாத்த வேண்டாம் மேடம். லாரிச் சத்தம் எனக்குத் தொந்தரவில்லை. எளாவூரில் வளர்ந்தவளுக்கு அது இல்லாவிட்டால்தான் தூக்கம் வராது.

எதில் விட்டேன்? ஆமாம், மெஷின் திரையின் மொழியை மாற்றும் வேலை. சொற்களை மட்டும் மாற்றினால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஸ்பானிஷ் வாக்கியங்கள் நீளமானவை, பெட்டிக்குள் அடங்காது. பட்டன்களை அகலப்படுத்த வேண்டும். தேதியில் நாள் முதலில் வர வேண்டும். எண்களும் மாறும். நாம் ஒன்றரையை எழுதும்போது ஒன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே புள்ளி வைக்கிறோம். சிலி நாட்டில் அங்கே கமா வைப்பார்கள். அழகாக இருக்கும். எண் ஒரு நொடி மூச்சு வாங்குவது போல.

எங்கள் கம்பெனி சிப்காட் தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. மீன் டின்களை நீராவியில் வேகவைக்கும் பெரிய இரும்புக் கலன்கள் செய்கிறோம். குக்கர் என்றுதான் சொல்வோம். ஆள் நின்றபடி உள்ளே போகலாம், அவ்வளவு பெரியது. அந்த முறை சிலியின் தெற்கே ஒரு துறைமுக ஊருக்கு ஒன்று போக இருந்தது. அதன் திரையை ஸ்பானிஷுக்கு மாற்றும் பொறுப்பு என்னுடையது. மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்துப் படித்து, மூலத்திலேயே படிக்க வேண்டும் என்ற ஆசையில் கற்ற மொழி. அது சம்பளம் தரும் என்று நான் நினைக்கவில்லை.

வேலை செய்தபோது எனக்கு ஒரு துணை இருந்தாள். பெயர் இனேஸ். அந்த ஊரில் அந்தக் குக்கரை இயக்கப் போகிறவள். நான்தான் பெயர் வைத்தேன். மழை ஓயாத ஊர், தகரக் கூரை வீடு, பள்ளிக்குப் போகும் ஒரு பெண் குழந்தை, சிவப்புக் கம்பளிச் சால்வை. ஒவ்வொரு வாக்கியத்தையும் அவளிடம் மனதுக்குள் படித்துக் காட்டிய பிறகே திரையில் ஏற்றினேன்.

அந்தோணி அண்ணனிடமும் அவளைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவர்தான் எங்கள் சோதனை ஆப்பரேட்டர். எளாவூரிலிருந்து ஒரே வேனில் வருவோம். நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால் பின் சீட்டிலிருந்து குரல் கொடுப்பார்.

“இன்னா பாப்பா, உன் சிலிக்காரி நாஷ்டா துன்னாளா?”

“ரொட்டியும் காப்பியும், அண்ணா.”

“அத்த துன்னுட்டா இம்மாம் பெரிய கதவ இழுக்கப் போறா? நம்ம சாராள வந்து நண்டுக் கொழம்பு வெக்கச் சொல்லு. சிலிக்காரி அத்த துன்னுட்டு ரெண்டு கையால இழுப்பா.”

சாராள் அவர் மனைவி. வேனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவரை எனக்குப் பிடிக்கும் மேடம். அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

பிழையை நான்தான் கண்டுபிடித்தேன். என் மேசைக் கணினியில் ஸ்பானிஷ் திரையை ஓட்டி, அழுத்தம் ஒன்று கமா ஐந்து என்று கொடுத்தேன். திரையில் சரியாகத் தெரிந்தது. உள்ளே மெஷின் கமாவை விழுங்கிவிட்டுப் பதினைந்து என்று எடுத்துக்கொண்டது. இதற்கு மேல் ஏறாதே என்று வைத்திருந்த வரம்பும் அப்படியே பத்து மடங்காகிவிட்டது. குக்கரின் உடம்பு மூன்றைத்தான் தாங்கும்.

மேனேஜர் கணேசன் சாரிடம் போய்ச் சொன்னேன். எண்ணைப் படிக்கும் பகுதி வெளியே வாங்கியது, அதில் நான் கை வைக்க முடியாது.

“கப்பல் புக்காயிடுச்சிம்மா. ஒரு கமாவுக்கா நிறுத்தச் சொல்ற? அப்பால அப்டேட் அனுப்பிக்கலாம்.”

“அதுக்குள்ள அங்க யாராவது ஓட்டினா, சார்?”

“அங்க சேஃப்டி வால்வு இருக்கும். நீ கதைப் புக்க படிச்சிட்டு பேஜாரு பண்ணாத.”

அவர் சொன்னது பொய்யில்லை. அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து ஆவியை வெளியேற்றும் வால்வு அது. ஆனால் அதை வாங்குகிறவர்கள் தங்கள் ஊரில்தான் மாட்டிக்கொள்வார்கள். ஏற்றுமதிக் குக்கர் எல்லாவற்றிலும் எங்கள் வழக்கம் அதுதான். இங்கே சோதிக்கும்போது அந்தத் துளையை இரும்புத் தகட்டால் மூடி போல்ட் போட்டுவிடுவோம். இங்கிலீஷ் திரையில் ஒன்றரை வரை ஏற்றி இறக்குவதற்கு அது போதும். இத்தனை வருடங்களாகப் போதுமானதாக இருந்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் இனேஸ் அந்தக் கதவருகே நிற்பது தெரிந்தது. வால்வு துருப்பிடித்திருந்தால்? மாட்டவே மறந்திருந்தால்? அவள் குழந்தை பள்ளி வாசலில் மழையில் காத்திருப்பதையும் பார்த்தேன். சொன்னால் நம்ப மாட்டார்கள், காட்டினால் நம்புவார்கள் என்று முடிவு செய்தேன். நியாயமான முடிவு என்று இப்போதும் தோன்றுகிறது.

சோதனை நாளன்று திரையை ஸ்பானிஷுக்கு மாற்றி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

“இன்னா பாப்பா, ஸ்கிரீனு வேற மாரி கீது?”

“பட்டனெல்லாம் அதே இடம்தான், அண்ணா.”

“புள்ளியக் காணோமே.”

“அதுக்கு பதிலா கமா இருக்கு பாருங்க. அத்த போடுங்க.”

“சிலிக்காரி கெட்டிக்காரிதான். புள்ளிக்கு வாலு வெச்சிட்டா” என்றார். போட்டார்.

நான் கண்ணாடி அறைக்குள் வந்துவிட்டேன். அங்கே அதே திரையின் நகல் உண்டு. சுவரில் நீராவியை நிறுத்தும் சிவப்பு பட்டனும் உண்டு. கை நீட்டினால் எட்டும். என் திட்டம் எளிமையானது. அழுத்தம் ஒன்றரையைத் தாண்டியதும் போனில் படம் எடுப்பது, பட்டனை அழுத்துவது, படத்தைக் கணேசன் சாரிடம் காட்டுவது. யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

முதல் படத்தில் கண்ணாடியின் பளபளப்பு விழுந்துவிட்டது. எண் தெரியவில்லை. இன்னொன்று எடுத்தேன்.

அப்போது எச்சரிக்கை வந்தது. அது நாம் கொடுக்கும் வரம்பைப் பார்க்காது; குக்கரின் உடம்பில் உள்ள தனி சென்சார் மூன்றை நெருங்கும்போது எழுப்புவது, எதையும் நிறுத்தாது. அழுத்தம் அதிகம், கதவை விட்டு விலகிச் செல்லுங்கள். நான் மொழிபெயர்த்த வாக்கியம். அதை ஒரு முழுத் திரையில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பெட்டிக்குள் கச்சிதமாக அடங்கியிருந்தது. ஒரு எழுத்துகூட வெட்டுப்படவில்லை. இனேஸ் இதைப் படித்தால் உடனே நகர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அந்தோணி அண்ணன் திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். உள்ளங்கையைத் திருப்பி, இது என்ன சொல்கிறது என்று சைகையில் கேட்டார்.

நான் தலையசைத்தேன். அது அவருக்கு அல்ல. வாக்கியம் சரியாக உட்கார்ந்திருந்தது, அதற்காக. அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுக் கதவின் தாழ்ப்பாள் இறுகியிருக்கிறதா என்று பார்க்கப் போனார். நல்ல ஆப்பரேட்டர் அப்படித்தான் செய்வார்.

சத்தம் போட நேரம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. மூன்றாவது படத்தில் அவர் இருக்கிறார். கதவின் மேல் கை வைத்திருக்கிறார். போன் உங்களிடம்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு வெள்ளைதான். ஆவி இறங்கியபோது கதவு எதிர்ச் சுவரில் சாய்ந்திருந்தது. கண்ணாடி விரிசல் விட்டது, உடையவில்லை. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

இப்போது படிக்க முடிவதில்லை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் கமாவில் நின்றுவிடுகிறேன். அதற்கு அந்தப் பக்கம் யாரோ உள்ளங்கையைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். இனேஸும் வருகிறாள். சால்வையைத் தலையோடு போர்த்தியிருக்கிறாள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஆவி.

கணேசன் சார் நேற்று ஒன்று சொன்னார். அந்தத் துறைமுகத் தொழிற்சாலையில் குக்கர் பக்கத்தில் யாருமே நிற்பதில்லையாம். கான்கிரீட் சுவருக்கு அப்பால் தனி அறையிலிருந்து இயக்குவார்களாம். ஆர்டர் வந்த அன்றே வரைபடம் அனுப்பியிருந்தார்களாம். எனக்கும் வந்திருந்தது, நான் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். வரைபடத்தில் மனிதர்கள் இருக்க மாட்டார்கள். கணேசன் சார் அந்த ஊரைப் படித்ததில்லை. நான் படித்திருக்கிறேன். இனேஸ் அந்தக் கதவருகேதான் நிற்பாள்.

அந்தோணி அண்ணனைக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஒருத்தியைக் காப்பாற்றியதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் சாராள் அக்கா. நான் உள்ளே வரும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. யாரோ அவரிடம் அந்தத் திரையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

“எங்கூட்டுக்காரு கடசியா அத்த பாத்துகினு இருந்தாராமே. அதுல இன்னா எழுதியிருந்திச்சி பாப்பா? உனக்குத்தான் அந்த பாஷ தெரியும். தமிழ்ல ஒரு தபா சொல்லேன்.”