உதடு விரியாத சங்குகள்

— ரோஸ்கோதான்னு எதை வச்சுடா சொல்றே, ஹெஸ்ரன்?

— வேற யாரா இருக்கும்க்கா? தெற்குத் திட்டுல ரெண்டு வருஷத்துக்கு யாரும் சங்கு எடுக்கக் கூடாதுன்னு சர்ச்சுல வச்சுக் கேட்டப்ப, ஊரே கை தூக்குச்சு. அவன் ஒருத்தன்தான் கையைக் கட்டிக்கிட்டு நின்னான். என்ன, நான் சொல்றது?

— கை தூக்காதவன் எல்லாம் திருடனா? அந்த எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சுக்கிட்டே பேசு. நாலு மணிக்கு ஊர்க்கூட்டம். அதுக்குள்ள ஆறு பேருக்கு சங்கு சாலட் போட்டாகணும்.

— வெங்காயம் எங்கக்கா?

— வெங்காயத்துக்கு நான் எங்க போவேன்? தபால் படகு எஞ்சின் செத்து மூணு வாரமாச்சு. வெங்காயமும் இல்ல, அரிசியும் இல்ல. மிளகாயைக் கூடக் கொஞ்சம் அள்ளிப் போட்டு வர்றவங்க வாயை அடைச்சுக்கிட்டிருக்கேன். நீ பேச்சை மாத்தாதே. ரோஸ்கோ திட்டுல இறங்கினதைக் கண்ணால பாத்தியா?

— கண்ணால பாக்கலை. ஆனா படகுக்குப் புதுசா சாயம் அடிச்சிருக்கான் பாரு. அது எங்கேருந்து வந்துச்சாம்?

— அவன் மாமனாரு வேலிக்கு அடிச்சதுல மிச்சம். பாதிப் படகு பச்சை, பாதி வெறும் மரம். திருடினவன் முழுசா அடிச்சிருக்க மாட்டானா?

— நீ சிரிக்கிறே. திட்டுக்குக் காவல்காரன் நான், எனக்கு வயிறு எரியுது. அலையாத்திக் காட்டுக்குப் பின்னால இருநூறு ஓடு குவிஞ்சு கிடக்கு. ஒண்ணுக்குக்கூட வாய் ஓரத்து உதடு விரியலை. எல்லாம் குஞ்சு. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா உதடு தடிச்சு, முட்டை போட்டிருக்கும்.

— எனக்கே பாடமா? குஞ்சை எடுத்தா நாளைக்குக் கடல்ல வெறும் மணல்தான்னு ஊர் ஊராக் கத்தினவ நான்.

— அப்ப தயங்காதே, வெர்னிட்டாக்கா. கூட்டத்துக்குத் தலைவி நீதான். எந்திரிச்சு அவன் பேரைச் சொல்லு. மத்ததை ஊர் பாத்துக்கும்.

— ஊர் என்ன பாத்துக்கும்? அவன் படகைக் கரையில இழுத்துப் போட்டுடும். நாலு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அவன் மண்ணைத் திங்கறதா? தப்பா ஒரு பேரைச் சொல்லிட்டா, ஆண்டவன் சாட்சியா, என்னால தூங்க முடியாது. அதான் காலையில நானே போயி அந்தக் குவியலைப் பாத்துட்டு வந்தேன்.

— நீயா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?

— உங்கிட்ட உத்தரவு வாங்கிட்டுத்தான் நடமாடணுமா? ஏண்டா முகம் ஒரு மாதிரி போகுது? அந்தச் சாக்கை இழு. அஞ்சாறு ஓடு எடுத்தாந்திருக்கேன்.

— நான்தான் பாத்தேனே.

— கறியை உருவ ஓட்டுல போட்ட ஓட்டையைப் பாத்தியா? ரோஸ்கோ சங்கை எதால உடைப்பான்?

— சுத்தியலோட கொத்து முனையால. இங்க எல்லாரும் அப்படித்தான்.

— அதால உடைச்சா ஓட்டை எப்படி விழும்?

— நீளமா. கீறல் மாதிரி.

— இது எப்படி இருக்கு?

— வட்டமா இருக்கு.

— வட்டமா இருக்கில்ல? சுத்தியல் இல்லாதவன், இன்னொரு சங்கோட கூர்முனையால கொத்தினா இப்படித்தான் விழும். உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

— சுத்தியலை மறந்துட்டுப் போயிருப்பான்.

— இருநூறு சங்குக்குமா மறப்பான்? ரோஸ்கோ பொண்டாட்டியை மறந்தாலும் சுத்தியலை மறக்க மாட்டான். இந்த ஊர்ல சுத்தியல் இல்லாமப் போற படகு ஒண்ணே ஒண்ணுதான். காவல் படகு. கயிறு அறுக்க ஒரு கத்தி மட்டும் இருக்கலாம், சுத்தியல் ஏறக் கூடாதுன்னு விதி போட்டவ நான்.

— வாயில வந்ததைப் பேசாதேக்கா. கூடப் பிறந்தவனையே சந்தேகப்படறியா?

— பத்து நாளாப் படறேன். யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே ரோஸ்கோ பேரை எடுத்தே பாரு, அன்னியிலேருந்து. சொல்லு, யாருக்கு வித்தே?

— விக்கலை.

— விக்காம எதுக்குடா எடுத்தே? அத்தனை கறியும் எங்க போச்சு?

— உன் பலகையில கிடக்கே, அது யாரு கொண்டாந்த கறி?

— நீதான் கொண்டாந்தே. வடக்குத் தீவுலேருந்து தபால் படகுல வருதுன்னு சொன்னே.

— தபால் படகு வந்து மூணு வாரமாச்சுன்னு இப்பத்தானே அழுதே. வெங்காயம் வரலை, அரிசி வரலை. கறி மட்டும் நீந்தியா வந்துச்சு?

— டேய்.

— திட்டை மூடின மறுமாசமே இந்தக் கடையில ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருந்தே. எல்லாத்தையும் வித்துட்டு நசாவ் பட்டணத்துக்குப் போயிடறேன்னு எம்முன்னாடிதான் அழுதே. நீ போயிட்டா ரெண்டே நாள்ல திட்டைத் திறந்துடுவானுங்க. அதான் கொஞ்சமா எடுப்போம்னு ஆரம்பிச்சேன். கொஞ்சத்தோட நிக்கலை. தப்புதான்.

— அதுக்கு ரோஸ்கோவை மாட்டி விடுவியா?

— விடறதா இருந்தேன். வெட்கமாத்தான் இருக்கு. ஆனா நீ ஒண்ணு சொல்லு. முத்தின கறியை அடிச்சு மெதுவாக்குற கட்டையைத் தொட்டு எத்தனை நாளாச்சு? பூஞ்சை பிடிச்சுக் கிடக்கு. அடிக்காமலே பஞ்சு மாதிரி அறுபடுதுன்னு வர்றவங்ககிட்ட எல்லாம் பெருமை பேசினியே. முப்பது வருஷமா சங்கு அறுக்கிற கை உன்னுது. குஞ்சு எது, முத்தினது எதுன்னு அந்தக் கைக்குத் தெரியாதா? பத்து நாளா சந்தேகப்பட்டே. இந்தக் கறி எங்கேருந்து வருதுன்னு எங்கிட்ட ஏன்க்கா ஒரு வார்த்தை கேக்கலை?

— கேட்டா நீ சொல்லிடுவேன்னுதான்.