வெளிச்சம் மட்டும் காட்டுங்க

...இல்ல சார், தலைய அசைக்காதீங்க. நாற்காலி இருட்டுல கெடக்குன்னுதான சொல்ல வர்றீங்க? எல்லாரும் சொல்லியாச்சு. வழக்கமா ஜன்னலோரமாத்தான் இருக்கும் இது. இப்ப அந்த எடத்துல யாரு உக்காந்திருக்காங்க பாருங்க. திரும்பாதீங்க, கண்ணாடிலயே பாருங்க. செடிங்க, ஏழெட்டுத் தொட்டி. முடிவெட்டுற கடைல வெளிச்சம் செடிக்கு, இருட்டு மனுசனுக்கு. போன மாசம் ஒருத்தருக்கு ஒரு கிருதா காதுக்கு மேலயும் இன்னொண்ணு காதுக்குக் கீழயும் போயிடுச்சு. பாவம், காசக் குடுத்துட்டுப் போனாரு. அதுக்கப்பறம் வரல.

நுரை கண்ணுல படுதா? இல்லயே... சரி.

என்னுது இல்ல சார் அது. எங்க வீட்டம்மாவுது. சக்குலண்டாம். எனக்கு வாய்ல நுழையல, குண்டுச்செடின்னுதான் சொல்லுவேன். எலையப் பாருங்க, ஒவ்வொண்ணும் மூணு வேளையும் நல்லா சாப்பிட்ட மாதிரி. பொண்ணுக்குப் பிரசவம்னு கெளம்பிப் போனா. மூணு மாசம்னு போனவ, பேரன் சிரிக்கிறான், குப்புற விழறான், தவழறான்னு சொல்லிச் சொல்லியே ஒரு வருசத்த ஓட்டிட்டா. இன்னிக்குச் சாயங்காலம் வர்றா. வந்ததும் நேரா செடியத்தான் பாப்பா. நானெல்லாம் அப்பறம்.

போறப்ப என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமா? "வெளிச்சம் மட்டும் காட்டுங்க, கைய வெக்காதீங்க." வாசல்ல வெச்சு, பெட்டியத் தூக்க வந்த டிரைவர் முன்னால. எனக்கு எப்படி இருக்கும்? ஊரே கண்ண மூடிட்டு எங்கிட்ட கழுத்த நீட்டுது. கட்டுனவ ஒரு தொட்டியக்கூட நம்பிக் குடுக்க மாட்டேங்கிறா. அப்பவே முடிவு பண்ணேன். இருடி, பாத்துக்கிட்டா இப்படிப் பாத்துக்கணும்னு இருக்கணும், நீ வந்து மூக்குமேல வெரல வெக்கணும்னு.

வெளிச்சம்னா சும்மா இல்ல சார். லைட்டப் போட்டமா விட்டமான்னு இல்ல. குளிர்காலத்துல சூரியன் தெக்கால சாஞ்சு ஓடும். அப்ப தெக்கு ஜன்னல்ல, கண்ணாடிய ஒட்டி வெக்கணும். அதுக்குத்தான் உங்க நாற்காலிய நகத்துனது. ஒரு பக்கமே வெளிச்சம் பட்டா செடி கழுத்த அந்தப் பக்கமா நீட்டும். கல்யாண வீட்ல பந்தி எங்கன்னு பாக்கிற மாதிரி. அதுக்கு வாரத்துக்கு ஒருக்கா தொட்டியக் கொஞ்சம் திருப்பி விடணும். வெயில் காலம் வந்தா காலை வெயில் போதும். உச்சி வெயில்ல நடுவுல மெல்லிசா ஒரு துணி. மழைக்காலத்துல வானம் மூட்டமா இருந்தா, செடி வெளிச்சத்தத் தேடித் தேடியே ஒல்லியா, கொக்கு மாதிரி வளந்துடும். அப்ப வாசப்பக்கம் மாத்தணும். மாத்துறதயும் ஒரேயடியா மாத்தப்படாது. கொஞ்சம் கொஞ்சமா. புது மருமகள அடுப்படிக்குப் பழக்குற மாதிரின்னு போன்ல சொல்றா. அவ வந்தப்ப எங்கம்மா அப்படியா பழக்குனாங்கன்னு கேக்க வாய் வந்துச்சு, கேக்கல.

அத்தனையும் பண்ணேன் சார். ஒண்ணு விடாம. துணிய இழுத்தேன், துணிய வெலக்குனேன். பாதி ஷேவிங்ல ஒருத்தர அப்படியே விட்டுட்டுப் போயி தொட்டியத் திருப்பிருக்கேன். பண்ணி என்ன? பாருங்க, எலை பூரா காவிக் கலர்ல தீஞ்சு கெடக்கு. அந்தத் தழும்பு ஆறாதாமே. நம்ம கன்னத்துல கத்தி பட்டாக்கூட நாலு நாள்ல ஆறிடும்.

யாரு வேலைன்னு நெனைக்கிறீங்க? எதுத்தாப்ல மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கே, அவன் வேலைதான். பளபளன்னு ஸ்டீல்ல ஒரு போர்டு மாட்டுனான். மாட்டுன மாசம்தான் இங்க தீய ஆரம்பிச்சுது. வெயில் அதுல பட்டுத் தெறிச்சு நேரா என் ஜன்னலுக்கு வருது. போய்க் கேட்டேன். "அண்ணே, அந்த வெளிச்சம் ரோட்டத் தாண்டலயே"ங்கிறான். கண்ணாடி விக்கிறவனுக்கு வெளிச்சத்தப் பத்தி என்ன தெரியும்? நான் விடல. தெருவே வேடிக்க பாத்துச்சு. இப்ப போர்டுமேல சாக்கக் கட்டி வெச்சிருக்கான் பாருங்க. கடை இருக்கான்னே தெரியாம ஜனங்க தாண்டிப் போகுது. போகட்டும். அப்பறமும் தீயுது, அதுதான் புரியல. எதுத்தவன் கண்ணு பட்டுருக்கும்.

இப்படித் திருப்புங்க தாடைய. ம்.

கவனிப்புல கொற சொல்ல முடியாது சார். வேற எவனும் இப்படிப் பாத்துக்க மாட்டான். தெருப்புழுதி இருக்கே, அது எலைமேல வெள்ளையா, மாவு தடவுன மாதிரி படிஞ்சிருக்கும். அத தினம் காலைல, கடையத் தொறந்ததும் மொத வேலையா... என்ன? பேசாதீங்க, கத்தி ஓடுது. ...மொத வேலையா, இந்தா இந்தக் கழுத்து பிரஷ் இருக்கே, எம்புட்டு மெத்துன்னு இருக்கு பாருங்க, இதாலயே ஒவ்வொரு எலையா தட்டி வுட்ருவேன். முப்பது வருசப் பழக்கம் சார். யாரு கழுத்துல பவுடர் நின்னாலும் என் கை சும்மா இருக்காது. பஸ்ல முன்னாடி சீட்டுக்காரர் கழுத்தத் தட்டி விட்டு ஒருநாள் சண்டையே வந்துருச்சு. எலைல புழுதி போகலன்னா லேசா ஈரத்துணி. பளிச்சுனு ஆயிடும். நல்ல பச்சை. ஆனா மறுபடி அதே எடத்துல... ஆடாதீங்கன்னு சொல்றேன்ல. எதுக்குக் கைய ஆட்றீங்க? முடிச்சுக்கறேன், அப்பறம் சொல்லுங்க.

திட்டுவாளேன்னு பயமில்ல சார். திட்டுனா வாங்கிக்கலாம், பழக்கம்தான். அவ திட்ட மாட்டா. ஒவ்வொரு தொட்டியா வீட்டுக்குள்ள எடுத்துட்டுப் போயிடுவா. அப்பறம் ஜென்மத்துக்கும் எங்கிட்ட எதயும் பாத்துக்கச் சொல்ல மாட்டா. அதுதான் தாங்காது. அவ இல்லாத வீட்ல ஒரு வருசம் நான் யாரோட பேசிருக்கேன்? இதுங்களோடதான்.

ஒண்ணே ஒண்ணுதான் நல்லாருக்கு. அதோ, ஜன்னலுக்கு மேல பலகைல. ஜன்னல் கண்ணாடி அது வரைக்கும் இருக்கு, அதே வெயில்தான், அதே துணிதான். கைக்கு எட்டலன்னு நான் கண்டுக்கவே இல்ல. அனாதையா கெடந்துச்சு, ஆளப் பாருங்க, ஓரமெல்லாம் செவப்பா, ஜம்முனு நிக்குது. அழுக்குதான், வெள்ளையா அப்பிக் கெடக்கு. அவ வர்றதுக்குள்ள அதயாவது தொடச்சு... ஸ்டூல் எங்க... ஒரு நிமிசம் சார், பிரஷ்ஷோட ஏறி... சார்... சார், எங்க எழுந்திரிக்கிறீங்க? பாதி மொகம் நுரை இருக்கு. பிரஷ்ஷ ஏன் புடுங்குறீங்க?

என்னது?

...அந்த வெள்ளை அழுக்கில்லயா?

அதுவேவா? செடி தானே பூசிக்கிற மாவா? ...வெயில் தாங்கவா.

...

உங்க வீட்லயும் இருக்கா. சரி. ...அப்ப, அது பூசப் பூச, நான் தட்டித் தட்டி... தட்டி வுட்டு, பளிச்சுனு ஆக்கி, கொண்டுபோயி வெயில்ல வெச்சிருக்கேன். ஒரு வருசமா. தினம்.

உக்காருங்க சார். பாதி மொகத்தோட எங்க போவீங்க. உக்காருங்க.

...

கைய வெக்காதீங்கன்னு சொன்னா. நான் அதத் திட்டுன்னு நெனச்சேன்.

இந்தக் கன்னம் ஆச்சு. தண்ணி சில்லுனு இருக்கும்... ம். ...போறப்ப எதுத்தாப்ல கடைக்காரர்ட்ட ஒரு வார்த்த சொல்லிடுவீங்களா, சாக்க எடுத்துரச் சொல்லி? நான் சொன்னதா வேணாம். ...இல்ல, இருக்கட்டும். நானே போறேன். அவகிட்டயும் நானே சொல்லிக்கறேன், பலகைல இருக்குறத மொதல்ல காட்டிட்டு.

பவுடர் போடவா? கழுத்துல... ம்.

ஆச்சு சார், எழுந்திரிங்க. என்ன பாக்குறீங்க? பவுடரத் தட்டல. இருக்கட்டும். வெளில வெயில் ஜாஸ்தி.