பங்கு ஒன்று நூற்றிருபது ரூபாய்

ஞானேஸ்வரி: நூற்றியிருவது.

யஹ்யா: அறுவது.

ஞானேஸ்வரி: யஹ்யா நானா, நீங்கள் மீன் சந்தையில நிக்கேல்லை. இது கொம்பனிப் பங்கு.

யஹ்யா: மீன் எண்டா செவுளைத் தூக்கிப் பாத்து விலை சொல்லுவன். இதுக்குச் செவுள் எங்க தங்கச்சி இருக்கு?

ஞானேஸ்வரி: உங்கட கையில இருக்கு. ரெண்டு வருசக் கணக்கு. ஒரு மணித்தியாலமா அதைத்தானே புரட்டுறீங்கள்.

யஹ்யா: புரட்டினபடியாத்தான் அறுவது. முதல் பக்கத்தில நட்டம். ரெண்டாம் பக்கத்தில அதைவிட நட்டம்...

ஞானேஸ்வரி: மூண்டாம் பக்கத்தில?

யஹ்யா: தேத்தண்ணி ஆறுது. ஒரு வாய் குடிச்சிட்டு...

ஞானேஸ்வரி: குடியுங்கோ. குடிச்சிட்டு மூண்டாம் பக்கத்தை வாசியுங்கோ. சத்தமா.

யஹ்யா: "கடைசி ஆறு மாசம்... இலாபம்." சரி. சின்ன இலாபம்.

ஞானேஸ்வரி: மூடப்போற கொம்பனி எண்டு வவுனியா முழுக்கக் கதைச்சவை. இந்தக் கட்டடத்துக்கு விலை பேசிக்கொண்டு ரெண்டு பேர் வந்து வாசல்ல நிண்டவை. இண்டைக்கு அதே வாசல்ல பெட்டி ஏத்த லொறி நிக்குது. சின்ன இலாபமோ?

யஹ்யா: கோவிக்காதையும். என்னை அனுப்பின முதலாளி, கொழும்பார், கேப்பார் எல்லே? "யஹ்யா, பற்றரியில லைற்றும் கொம்பியூட்டரும் ஓட்டுற பெட்டி செய்யிற கொம்பனியாம், புதுசா ஐயாயிரம் பங்கு விக்குதாம், போய்ப் பார்" எண்டவர். நான் பாத்துச் சொல்லுற ஆள் மட்டும்.

ஞானேஸ்வரி: அப்ப வடிவாப் பாருங்கோ. உங்கட முல்லைத்தீவுக் கடையில எங்கட பெட்டி எத்தினை வித்தனீங்கள்?

யஹ்யா: முப்பத்தொண்டு.

ஞானேஸ்வரி: எத்தினை திரும்பி வந்தது?

யஹ்யா: ஒண்டு. அதுவும்... அந்தாள் மழையில வச்சவர்.

ஞானேஸ்வரி: முந்தி?

யஹ்யா: முந்தியோ... அல்லாவே. கொழும்பில இருந்து மலிவாக் கொண்டுவந்து உங்கட பேர் ஒட்டி அனுப்பினீங்களே, அதுகளோ? பத்துக்கு நாலு எரிஞ்சுது. ஒருத்தர் எரிஞ்ச பெட்டியை என்ர மேசையில தூக்கி வச்சிட்டு, "இதில தேத்தண்ணி போடலாம் யஹ்யா காக்கா" எண்டவர்.

ஞானேஸ்வரி: அதை நிப்பாட்டினது ஆர்? பழசெல்லாத்தையும் திருப்பி எடுத்து, காசு வாங்காமல் திருத்திக் குடுத்தது ஆர்? செப்புக் கம்பிக் கொயிலை இஞ்சயே சுத்துவம் எண்டு...

யஹ்யா: ஜனார்த்தனன். அதைத்தான் நானும் சொல்ல வாறன். அந்த மனுசன் விளங்கின ஆள். எனக்கு ஒரு கடிதம் போட்டவர், "எரிஞ்ச பெட்டிகளைக் கணக்குப் பாக்காமல் அனுப்புங்கோ" எண்டு. அந்த ஒரு வரியிலதான் இந்தக் கொம்பனியைத் திரும்பிப் பாத்தனான்.

ஞானேஸ்வரி: ...ம்.

யஹ்யா: என்ன ம்?

ஞானேஸ்வரி: ஒண்டுமில்லை. சொல்லுங்கோ.

யஹ்யா: மூண்டாந்தரம் வாறன், ஒருக்காவும் ஆளைக் காணேல்லை. எங்க அவர்?

ஞானேஸ்வரி: வெளியில.

யஹ்யா: எப்ப கேட்டாலும் வெளியில. சரி, இதுக்கு மறுமொழி சொல்லும். சண்டை நிண்டு, கண்டி றோட்டுத் திறந்து ரெண்டு வருசமாகுது. கிளிநொச்சிக்குக் கரண்ட் வரப்போகுது எண்டு கதை. கரண்ட் வந்தா உம்மட பெட்டியை ஆர் வாங்குவினம்?

ஞானேஸ்வரி: கரண்ட் வந்தா கூடவே போகவும் செய்யும். ஏறும், இறங்கும், கொம்பியூட்டர் எரியும். அதுக்கும் ஒரு பெட்டி செய்து பின்னால சோதிச்சுக்கொண்டிருக்கிறம். வந்து பாக்கிறீங்களோ?

யஹ்யா: பொறும். சமாதானம் நிலைக்காட்டி? சண்டை திரும்பினா ஆமிக்காரர் வன்னிக்குப் பற்றரியைத் தடை செய்வாங்கள். முந்தியும் செய்தவங்கள்.

ஞானேஸ்வரி: எனக்குச் சொல்லித் தாறீங்களோ? தொண்ணூற்றாறாம் ஆண்டு இடம்பெயர்ந்து மல்லாவியில மரத்துக்குக் கீழ இருந்தனாங்கள். சைக்கிளைக் கவிட்டு வச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்டம். அந்த றேடியோக்களைத் திருத்தித்தான் நான் இந்த வேலை பழகினது. தடை செய்யட்டும். டைனமோவுக்குத் தோதா ஒரு பெட்டி செய்வன். அதையும் தடை செய்தா வேற ஒண்டு. நாங்கள் இருட்டில இருக்கோணும் எண்டு ஆரும் முடிவெடுக்கேலாது நானா.

யஹ்யா: ...கதைக்கத் தெரியுது உமக்கு.

ஞானேஸ்வரி: கதை இல்லை. அதுக்கும் சேத்துத்தான் நூற்றியிருவது.

யஹ்யா: எழுவத்தைஞ்சு.

ஞானேஸ்வரி: நூற்றியிருவது.

யஹ்யா: ஒரு படி இறங்கினா என்ன, கால் உடையுமோ?

ஞானேஸ்வரி: இஞ்ச பதினொரு பேர் வேலை செய்யினம். நட்டக் காலத்தில அரைச் சம்பளம்தான், மிச்சத்துக்குப் பங்கு எழுதிக் குடுத்தது. மீனம்மா அக்கா அதை அரிசிப் பேணிக்குள்ள வச்சிருக்கிறா. உங்களுக்கு எழுவத்தைஞ்சுக்கு வித்தா அவவின்ர பேப்பரும் எழுவத்தைஞ்சாப் போகும். இறங்கமாட்டன்.

யஹ்யா: சரி... சரி. கடைசி விலை. தொண்ணூறு. ஐயாயிரமும் எடுக்கிறம். ஆனா பத்திரத்தில ஒரு வரி சேக்கோணும்.

ஞானேஸ்வரி: என்ன வரி?

யஹ்யா: "நிர்வாகி ஜனார்த்தனன் இன்னும் மூண்டு வருசம் இந்தக் கொம்பனியில இருப்பார்." அவ்வளவுதான். அவர் இருக்கிறபடியாத்தான் தொண்ணூறு. அவர் போனா இது திரும்பவும் எரிஞ்ச பெட்டிதான்... என்ன, பேனையை ஏன் வச்சிட்டீர்?

ஞானேஸ்வரி: அந்த வரி எழுதேலாது.

யஹ்யா: ஒரு வரிதானே.

ஞானேஸ்வரி: எழுதமாட்டன் எண்டுறன்.

யஹ்யா: நாலரை லட்சம் தங்கச்சி! ஒரு வரிக்காக...

ஞானேஸ்வரி: அவர் இல்லை நானா.

யஹ்யா: தெரியும், வெளியில...

ஞானேஸ்வரி: கனடாவில. போய் ஏழு மாசம்.

யஹ்யா: கனடாவிலயோ?

ஞானேஸ்வரி: இஞ்ச நிர்வாகியா வந்து ரெண்டு மாசம் இருந்தவர். "இதை இனி ஒண்டும் செய்யேலாது, மூடுங்கோ" எண்டு எழுதி வச்சிட்டுப் போனவர். அந்தக் கடிதம் மேசை லாச்சிக்குள்ள கிடக்கு. வேணுமெண்டா வாசியுங்கோ.

யஹ்யா: அப்ப... எனக்கு வந்த கடிதம்?

ஞானேஸ்வரி: கீழ பாத்தனீங்களோ? "நிர்வாகிக்காக" எண்டு போட்டிருக்கும். பக்கத்தில என்ர கையெழுத்து.

யஹ்யா: அந்தக் கிறுக்கலை ஆர் வாசிச்சது!

ஞானேஸ்வரி: ஒருத்தரும் வாசிக்கேல்லை. அதாலதான் தப்பினம். டிரெக்டர்மாருக்குத் தெரியும். அவைதான் சொன்னவை, வெளியில விடாதை எண்டு. ஏ.எல். படிப்பு முடிக்காத பொம்பிளை, பெட்டி சோதிக்கிற மேசையில இருந்தவள் நடத்துறாள் எண்டா கொழும்புக் கடைக்காரர் கடனுக்கு ஒரு வயர்த் துண்டு தருவினமோ? நீங்கள் தருவீங்களோ?

யஹ்யா: ...தந்திருக்கமாட்டன்.

ஞானேஸ்வரி: பிழைதான். ஒத்துக்கொள்ளுறன். வாயை மூடிக்கொண்டிருந்தது பிழை. ஆனா இல்லாத ஒருத்தர் இருப்பார் எண்டு எழுதி, என்ர கையால ஒப்பம் வைக்கமாட்டன். கொயிலை இஞ்ச சுத்தினது நான். எரிஞ்சதுகளைத் திருப்பி எடுத்தது நான். ஏழு மாசம் இன்னொருத்தற்ர பேருக்குப் பின்னால நிண்டது காணும். கணக்கைத் தாங்கோ இஞ்சால.

யஹ்யா: பொறும்.

ஞானேஸ்வரி: என்னத்துக்குப் பொறுக்கிறது? போய்ச் சொல்லுங்கோ உங்கட கொழும்பாருக்கு. நிர்வாகி ஒரு பொம்பிளையாம், பங்கு நூற்றியிருவதாம், ஒரு சதம் குறைக்கமாட்டாளாம் எண்டு. அவர் வேண்டாம் எண்டா வேற ஆள் பாக்கிறன்.

யஹ்யா: தங்கச்சி, இரும். அந்த முப்பது ரூபாயை நான் ஏன் குறைச்சனான் தெரியுமோ? ஜனார்த்தனன் எண்டைக்காவது விட்டிட்டுப் போயிடுவார் எண்ட பயத்துக்கு. அவர் போயிட்டார். பெட்டி எரியேல்லை. பிறகென்ன, பயத்துக்குக் கழிவு இல்லை... நூற்றியிருவது எண்டே எழுதும்.

ஞானேஸ்வரி: பகிடி விடாதேங்கோ. கேக்காமல் நீங்களா முடிவெடுத்தா கொழும்பார் உங்களை என்ன செய்வார்?

யஹ்யா: கொழும்பில ஒருத்தரும் இல்லை. என்ர காசு எண்டு தெரிஞ்சா விலை இறங்காது எண்டுதான் அப்பிடிச் சொன்னனான். தொண்ணூறாம் ஆண்டு இயக்கக்காரர் முல்லைத்தீவை விட்டுப் போகச் சொல்லி முஸ்லிம் ஆக்கள் எங்களைத் துரத்தினவங்கள். பன்னிரண்டு வருசம் புத்தளத்தில அகதி. அங்க வாங்கின காணியைப் போன கிழமை வித்திட்டன். "காசை வன்னியில கொண்டுபோய்ப் போடுறியே, விசரே, திரும்பவும் துரத்தினா எங்க வருவாய்" எண்டு என்ர பெண்சாதி பரீனா என்னோட கதைக்கிறேல்லை. இனிப் புத்தளத்துக்கு வரமாட்டன் எண்டுதான் அந்தக் காணியையே வித்தனான். எழுதும், பேர் யஹ்யா, ஊர் முல்லைத்தீவு.