அரைக் கூடை லத்தி

திண்டிவனம் பஸ் செஞ்சியை விட்டு இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் சீட்டில் ஒரு ஜட்கா வண்டிக்காரர், வல்லத்தில் மச்சான் கல்யாணத்துக்குப் போகிறவர். அவர் பக்கத்தில் குதிரைகளுக்கு லாடம் அடிக்கும் பாய்.

“முந்தியெல்லாம் லாயத்துல குதிர லத்தி அள்றதுக்குள்ள பொழுது ஏறிடும் பாய். இப்ப பத்த வெச்ச பீடி அணையறதுக்குள்ள வேல முடிஞ்சிடுது. அதான் மொத பஸ்ஸயே புடிச்சிட்டேன்.”

“பரவால்லியே ஏழுமல. எப்பத்துலேர்ந்து இவ்ளோ வேகம்?”

“ரெண்டு மூணு நாளாத்தான்.”

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த பாயின் கை நின்றது.

“இன்னிக்கு எவ்ளோ லத்தி அள்னே?”

“அரைக் கூட இருக்கும்.”

“முந்தி?”

“ரெண்டு கூட ரொம்பி வழியும்.”

“கொள்ளு துன்னுதா?”

“வெச்சது அப்டியே கெடக்குது. வெயிலுக்குன்னு வுட்டுட்டேன்.”

“வயித்தத் திரும்பித் திரும்பிப் பாக்குதா?”

ஏழுமலை எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார்.

“ஆமா பாய். காலால ஒதைக்கவும் ஒதைக்குது.”

“நீ ஒண்ணும் வேகமா அள்ளலடா. குதிரைக்கு வயிறு கட்டிக்கிச்சி. இப்டியே வுட்டா பொழைக்காது.”

பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கண்டக்டர் கத்தக் கத்த ஏழுமலை படியிலிருந்து குதித்து, கோட்டைப் பக்கம் இருந்த லாயத்தைப் பார்த்து ஓடினார். கல்யாணத்துக்கு வாங்கிய புது வேட்டி சீட்டிலேயே கிடந்தது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பாய் ஜன்னலில் தலையை நீட்டினார்.

“படுக்க வுடாதே! நடக்க வெச்சிக்கினே இரு! அடுத்த ஸ்டாப்புல எறங்கி நான் வர்ற வரைக்கும் நிக்காதே!”