அவிச்ச மண்ணு

பேனாவை உள்ள வைங்க சார். என் கையெல்லாம் மண்ணு, உங்க பேப்பர் அழுக்காயிடும். கழுவிட்டு வர்றதா? அதெல்லாம் முடியாது. கிளம்புறதுக்குள்ள இன்னும் நாலஞ்சு பாக்கெட்டுக்கு மண்ணு ரொப்பணும்.

படிச்சேன் சார், ஒண்ணுக்கு ரெண்டு தடவை படிச்சேன். மேட்டுல நட்ட ஆயிரம் கன்னும் பச்சையா நிக்குது, அதனால ஃபேக்டரிப் புகையாலயும் மழையாலயும் எந்தக் கெடுதலும் இல்லன்னு நாத்துப் பண்ணைப் பொறுப்பாளர் நான் சொல்றேன். அதானே? இன்னைக்கு விசாரணைல இதை நீட்டி, புகைக்கூண்டுக்கு வடிகட்டியே வேணாம்னு சொல்லிடுவீங்க. கன்னு பச்சையா நிக்குது, வாஸ்தவம். ஏன் நிக்குதுன்னு கேட்டீங்களா?

மூணு வருஷம் முன்னாடி இதே மேட்டுல இதே சாதிக் கன்னு நட்டோம். ஒண்ணுகூடத் தங்கல. நுனி மஞ்சளாகி, அப்படியே கருகுச்சு. பிடுங்கினா வேரு எரிஞ்ச நூல் மாதிரி கையோட வருது. உங்க புகையைக் குடிச்சுட்டு அமிலமா எறங்குற மழை சார் அது. மண்ணுல சும்மா கெடக்குற அலுமினியத்தைக் கரைச்சு விட்டுடும். அது வேர் நுனியைத்தான் மொதல்ல பொசுக்கும். நான் பெருசா படிக்கலதான். மண்ணைப் பரிசோதிக்க வந்த டாக்டரம்மா சொன்னாங்க, கேட்டுக்கிட்டேன்.

ஆனா பின்பக்கம் பழைய மரத்தடியில தானா மொளைச்ச கன்னு மட்டும் ஜம்முனு நின்னுச்சு. அதே மழைதான். தோண்டிப் பார்த்தா வேரு பூரா வெள்ளை வெள்ளையா பூசணம், சாக்ஸ் மாட்டி விட்ட மாதிரி. அது வேரைச் சுத்திக்கிட்டு விஷத்தைத் தன்கிட்டயே பிடிச்சு வெச்சுக்குது. வேர் எட்டாத எடத்துல இருந்து சத்தைக் கொண்டாந்து குடுக்குது. கன்னு பதிலுக்குக் கொஞ்சம் சர்க்கரை குடுக்கும். அதுங்களுக்குள்ள அவ்வளவுதான் பேச்சு. பேப்பரெல்லாம் கிடையாது.

எங்க மேலதிகாரிக்குப் பூசணம்னா நோய். மண்ணை டிரம்ல கொட்டி, அடுப்புல ஏத்தி, அவிச்சுத்தான் ரொப்பணும்னு உத்தரவு. நல்லது கெட்டது எல்லாம் ஒண்ணா வெந்துடும். நாங்களே அதைக் கொன்னுட்டு, நாங்களே கன்னை நட்டு, நாங்களே ஒப்பாரி வெச்சோம். அப்புறம் நான் என்ன பண்ணேன், அவரு எதிர்ல அவிப்பேன். அவரு தலை மறைஞ்சதும் பாக்கெட்டுக்கு ரெண்டு பிடி மரத்தடி மண்ணு போட்டுடுவேன். இப்ப மேட்டுல நிக்குற ஆயிரமும் அப்படி வளர்ந்ததுதான். ஆமா, உத்தரவை மீறினேன். எழுதிக்கோங்க. கொட்டை எழுத்துல எழுதிக்கோங்க.

வேலை போயிடுமா? போகட்டும். குடை பிடிச்சவ நனையலங்கிறதுக்காக மழையே பெய்யலன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களே, உங்களுக்கே சிரிப்பு வரல? அந்தப் பூசணமும் எவ்வளவுதான் தாங்கும்? மழை இன்னும் மோசமாச்சுன்னா அதுவும் செத்துடும்.

என்னது, உங்க ஃபேக்டரி வாசல்ல நட்ட கன்னா? நானே கேக்கணும்னு இருந்தேன். போன வருஷம் நீங்க அவசரப்படுத்துனீங்கன்னு மேலதிகாரியே நின்னு ஏத்தி விட்ட லோடு அது. முழுக்க அவிச்ச மண்ணு, நான் கை வைக்க வழியே இல்ல. நூறு கன்னும் செத்துச்சு. உங்க தோட்டக்காரன் சோம்பேறி, தண்ணி ஊத்தலன்னு அத்தனை பேரு முன்னாடி நிக்க வெச்சுத் திட்டி அனுப்பிட்டீங்க. பேரு ஞாபகம் இல்லையா? இருக்காது. லீவு நாள்லகூட சைக்கிள் மிதிச்சு வந்து ரெண்டு வேளையும் ஊத்துன மனுஷன் சார் அவரு. அந்தத் திட்டு அவருக்கு இன்னும் ஆறல. எனக்கும்தான்.

மழை மேல தப்பில்லன்னு நான் கையெழுத்துப் போட்டா, தப்பு அவரு மேலன்னு ஆயிடாது? நீங்க குப்பையில வீசுனதுல ஒரு கன்னை அவரு பத்திரமா எடுத்து வெச்சிருந்தாரு. அதையும் மேட்டுக் கன்னு ஒண்ணையும் வேரோட ஈரச் சாக்குல சுத்தி, காலைலயே வண்டில ஏத்திட்டாரு. விசாரணைல ரெண்டையும் மேசை மேல பக்கத்துல பக்கத்துல வைக்கப் போறோம்.

எந்த வண்டியா? அதோ, உங்க காருக்குப் பின்னால ஹாரன் அடிச்சுட்டு இருக்காரே, அவருதான். எங்க வீட்டுக்காரர். காரைக் கொஞ்சம் எடுங்க சார், நேரமாச்சு.