போர்நிறுத்தத்தின் இரண்டாம் நாள்

காபியில் ஏலக்காய் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ரபீஹா அம்மா. மனைவி போன பிறகு எனக்கு அந்த அளவு கைவரவில்லை. குடிக்காமல் வைத்திருக்கிறீர்கள், பரவாயில்லை. முப்பது வருடம் கழித்து பெய்ரூட்டின் மேற்குப் பக்கத்திலிருந்து இந்த மலைக்கு ஏறி வந்தது காபிக்காக அல்ல என்று எனக்குத் தெரியும். உள்நாட்டுப் போரில் நடந்ததைச் சட்டம் மன்னித்துவிட்டது என்று உங்களுக்கும் தெரியும். அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நான் சர்வேயர். துப்பாக்கி பிடித்த குடும்பமில்லை எங்களுடையது. அந்த வசந்தத்தில் உங்கள் பக்கத்திலிருந்து வந்த எறிகணை ஒன்று என் தம்பி தன்னூஸ் இருந்த சலூனில் விழுந்தது. முகச் சவரத்துக்காகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அடக்கத்துக்கு வந்தவர்கள், "அவனைப் பாத்தா போட்டாங்க? பொதுவா போட்டது" என்றார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். பார்த்துப் போட்டிருந்தால் நானும் ஒருவனைத் தேடிப் போய்க் கொன்றிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். பொதுவாகப் போட்டவனை எங்கே தேடுவது?

மறுவாரம் எங்கள் கிழக்குப் பக்கத்துப் படையில் சேர்ந்தேன். கோணமும் தூரமும் அறிந்தவன் என்று மலைச்சரிவில் ஒரு மோர்ட்டார் பீரங்கியைக் கொடுத்தார்கள். குண்டு தூக்கிப் போட பூலோஸ் என்ற தச்சன் கூட இருந்தான்.

"அண்ணே, அங்க முகாம் எதுவும் இல்லையே. குடியிருக்கிற சனம்தானே" என்பான்.

"தன்னூஸ் என்ன முகாமா வெச்சிருந்தான்? சோப்பு நுரையோட உக்காந்திருந்தான்."

"அதச் செஞ்சவன் அந்தத் தெருவுலயா இருக்கான்?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நீ தூக்கு."

தூக்குவான். ஆனால் உங்கள் ஆட்கள் நிலவறைகளுக்குள் போய்விட்டார்கள். சுவர், தண்ணீர்த் தொட்டி, நிறுத்தி வைத்த கார், இவைதான் உடைந்தன. எனக்கு அது போதவில்லை.

பிறகு போர்நிறுத்தம் வந்தது. முதல் நாள் எவரும் நம்பவில்லை. இரண்டாம் நாள் வெளியே வருவார்கள் என்று கணக்கிட்டேன். ரொட்டிக்கடை பத்து மணிக்குத் திறக்கும் என்று எங்கள் பக்கம் பேச்சு. உங்கள் பக்கமும் அப்படித்தான் இருக்கும்.

பூலோஸ் அன்று குண்டைத் தொடவில்லை. "ரேடியோல நிறுத்தச் சொல்லிட்டான்ணே" என்று கல்லில் உட்கார்ந்துவிட்டான். நானே தூக்கி நானே போட்டேன். முதல் குண்டு கடையைத் தாண்டி விழுந்தது. கொஞ்சம் திருத்தினேன். மொத்தம் ஆறு. இருபத்து மூன்று பேர் என்று மாலைச் செய்தியில் சொன்னார்கள். மறுநாள் பத்திரிகையில் கண்மூடித்தனம் என்று எழுதினார்கள்.

உங்கள் கணவர் முனீரின் பெயரை மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள். இன்னும் சொல்லலாம். எனக்கு அவர் மற்ற இருபத்திரண்டு பேரில் எவருக்கும் மேலுமில்லை, கீழுமில்லை. அவர் என்ன மதம், எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. அதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

நஜீபே சாகும்முன் உங்களிடம் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். அவள் என் அக்காதான். உங்கள் பக்கத்து ஆளைக் கட்டிக்கொண்டு உங்கள் மாடியில் குடியிருந்தவள்தான். அன்று காலை ஒன்பது மணிக்கு அவளுக்குப் போன் லைன் கிடைத்தது.

"இன்னிக்கு வெளிய போகாதக்கா. ரொட்டிக்கும் போகாத."

 "கீழ்வீட்டு ரபீஹாகிட்டயாவது சொல்றேன்டா. சின்னப் பிள்ளைங்க இருக்கு" என்றாள்.

"நீ அவகிட்ட சொன்னா அவ பத்துப் பேருகிட்ட சொல்லுவா. தெருவுல யாருமே இல்லன்னா நான் எதுக்குப் போடணும்?"

அவள் சொல்லவில்லை. படியில் முனீர், "ரொட்டி வேணுமாம்மா?" என்று கேட்டபோது, வேண்டாம் என்றால் சந்தேகம் வரும் என்று பயந்து, இரண்டு கட்டு கேட்டாளாம். இது நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பாவம், அதைச் சுமந்துகொண்டே இருந்திருக்கிறாள்.

"பொதுவா போட்டேங்கிறீங்க, அப்ப அந்தப் போன் என்ன?" என்று கேட்கிறீர்கள். நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும், அம்மா. யார் செத்தாலும் எனக்கு ஒன்றுதான். யார் சாகக் கூடாது என்று மட்டும்தான் பார்த்தேன்.