பூச்சிக்கடி

எங்கள் வீட்டுக் காபியை நன்னிலத்தில் யாரும் குறை சொன்னதில்லை. நீங்களும் போன தடவை விசாரணைக்கு வந்தபோது இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தீர்கள். நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். 'பூச்சிகடி' என்று ஒற்று விட்டுப்போயிருந்தது, நான்தான் திருத்தினேன். தமிழ் டீச்சராக இருந்தவளுக்கு அந்தப் பழக்கம் போகாது. இன்று திருத்த வேண்டியது எழுத்துப்பிழை இல்லை. அதனால்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

என் கணவர் ரகுராமன் தை மாதம் தவறிப்போனார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எங்கள் நிலத்தைக் குத்தகைக்குப் பார்த்துவந்த வீரையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "ரோட்டோர நிலம் இவனோடது, ஞானம். இவன் அப்பன் காலத்துலேர்ந்து பாடுபடறான். எழுதிக் குடுத்துடு."

சரி என்றேன். அறையில் வேறு யாரும் இல்லை.

காரியங்கள் முடிந்ததும் சொத்தை ஒழுங்குபண்ண உட்கார்ந்தேன். வெளிநாட்டிலிருக்கும் என் மகன் விஸ்வா, "எல்லாத்தையும் வித்துட்டு இங்க வந்துடும்மா" என்றான். மயிலாடுதுறை லியாகத் அலி மொத்தத்தையும் வாங்கத் தயாராக இருந்தார். ஆனால் ரோட்டோர நிலம் சேராவிட்டால் மற்றதற்குப் போக வழியே கிடையாது, அப்படியானால் வேண்டாம் என்றார். அவர் சொன்னது நியாயம்தான்.

வீரையனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்கும்போதெல்லாம், "அவசரமில்லம்மா, ஐயா சொன்னா சொன்னதுதான்" என்பான். என்னைவிட மூத்தவன். கடைசிவரை வா, போ என்றுதான் பேசினேன். இப்போதும் அதுதான் வாயில் வருகிறது, மன்னிக்க வேண்டும்.

லியாகத் அலி பெயருக்குப் பத்திரம் பதிய இருந்ததற்கு முதல் நாள் சாயங்காலம். விளக்கேற்றிவிட்டுத் திரும்புகிறேன், வாசலில் வீரையன் நிற்கிறான். மடை திறக்கப் போனவன், முழங்கால்வரை சேறு. போனை எங்கோ வரப்பில் சட்டையோடு விட்டுவிட்டு வந்திருந்தான். அவன் மனைவி தங்கம்மாள் ஒரத்தநாட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். வயலுக்கு எங்கள் வீடுதான் கிட்டம்.

"அம்மா, பூச்சி கடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டிக்குச் சொல்லுங்களேன்."

"உள்ள வந்து உக்காரு வீரையா. சொல்றேன்."

தயங்கினான். இத்தனை வருஷத்தில் எங்கள் கூடத்தில் அவன் கால் வைத்ததில்லை. அன்று என் கணவரின் நாற்காலியிலேயே உட்காரவைத்தேன். வாசலில் இருந்தால் தெருவில் போகிறவர்கள் பார்ப்பார்கள். அதை மரியாதை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே போய் போனில் பேசினேன். திரும்பி வந்து, "சொல்லிட்டேன், வந்துண்டிருக்கு" என்றேன். பேசியது லியாகத் அலியிடம். காலையில் நேரத்தோடு வந்துவிடுவதாகச் சொன்னார். பிறகு டிகாக்ஷன் இறக்கிக் காபி போட்டேன். சுண்ணாம்பு கொடுத்து, கடிவாயில் தடவிக்கொள்ளச் சொன்னேன். காலைக் காட்ட வந்தான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

காபி அவன் தொண்டையில் இறங்கவில்லை. கடைவாயில் வழிந்தது. நான்தான் துண்டால் துடைத்துவிட்டேன்.

"தூக்கமா வருதும்மா. கண்ணத் தெறக்க முடியல."

"தூங்கு. வண்டி வந்தா எழுப்பறேன்."

"ஒங்களுக்குத்தான் செரமம்" என்றான், நாக்குக் குழற. அதற்குப் பிறகு அவன் பேசவில்லை.

மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் எதிர்வீட்டு சாமாவைக் கூப்பிட்டேன். அவர் ஆம்புலன்ஸை வரவழைத்தார். வழியிலேயே உயிர் போய்விட்டது. பாம்புக்கடி என்றார்கள். "பூச்சின்னுதானே சொன்னான்" என்று அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை. நீங்கள் சென்னையில் வளர்ந்தவர், நம்பிவிட்டீர்கள். சாமாவுக்கு ஏதோ உறைத்திருக்கும். டீச்சராயிற்றே என்று வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டார்.

ஒரு வாரம் தள்ளி நிலம் கிரயமானது.

கருமாதிக்குப் போனேன். போகாமலிருந்தால் நன்றாயிருக்காது என்று போனேன். வீரையனின் மகள் செந்தாமரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என்னிடம் படித்தவள்.

"டீச்சர், அப்பா என்னன்னு சொல்லிச்சு?"

"பூச்சி கடிச்சிருச்சுன்னுதாம்மா."

"அப்ப விளக்கு வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய் எனக்கு இலை போட்டாள். "சாப்பிட்டுப் போங்க" என்றாள். சாப்பிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பு இலக்கணத்தில் மங்கலம் என்று ஒன்று நடத்துவேன். கெட்டதை அதன் பெயரால் சொல்லாமல் வேறு பெயரால் சொல்வது. செத்தார் என்னாமல் இறைவனடி சேர்ந்தார் என்பது போல. புத்தகத்தில் இருப்பது போதாது, உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று பிள்ளைகளைக் கேட்பேன். ஒரு வருஷம் முதல் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "விளக்கு வெச்சப்புறம் பாம்புன்னு பேரு சொல்லக்கூடாதுங்கும் எங்கப்பா. பூச்சின்னுதான் சொல்லும், டீச்சர்" என்றாள். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான், எங்கள் வீட்டிலும் அதே வழக்கம். ஆனாலும் அவள் சொன்ன பிறகு வருஷா வருஷம் அந்த உதாரணத்தைத்தான் நடத்தினேன்.

வீரையன் சொன்னது வாசலிலேயே எனக்குப் புரிந்தது, ஐயா. புரிந்துதான் உள்ளே கூப்பிட்டேன். வண்டிக்குச் சொல்லாமல் அவனைச் சாகவிட்டது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்தான் செந்தாமரை. "சரியான விடை, உட்கார்" என்று அன்று அவளிடம் சொன்னேன்.